கம்பி கேட்காத பாலம்

1942 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கூடலூருக்குப் போனேன். மதுரையில் பாலங்களுக்கு வரைபடம் போடுவது என் உத்தியோகம். கூடலூர் ஆற்றுக்கு நான் வரைந்த பாலத்தை, யுத்தம் முடியும்வரை இரும்பும் சிமெண்டும் கிடையாது என்று மேலதிகாரி ஒதுக்கிவிட்டார். அந்த இடத்தையாவது பார்த்துவிட நினைத்தேன்.

தேனியிலிருந்து முப்பது மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டால், பின்னால் அடுப்பு வைத்து கரிப்புகையில் ஓடும் கரி பஸ்தான். பின் சீட்டைத் தவிர்த்துவிடுங்கள், சட்டை கறுத்துவிடும். சின்னமனூர் தாண்டி அடுப்பு அணைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஏழு மணிக்குக் கிளம்பிய வண்டி கூடலூர் சேரும்போது உச்சிவெயில்.

ஊரிலிருந்து ஆற்றுக்கு ஒரு மைல் நடை. கரையில் கருங்கல் மலைபோல் குவிந்திருந்தது. அக்கரையில் வீடும் வயலும் வைத்திருக்கும் வீரம்மாள் அங்கே நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறியது.

"ஆபீசுக்காரக வந்தாக, அளந்தாக, போனாக. நீங்களும் அளக்கத்தான வந்தீக?"

"கல் எதுக்கும்மா?"

"பாலத்துக்கு. ஐப்பசி வெள்ளத்துல, பிரசவ வலி எடுத்த என் மருமகளக் கட்டிலோட தூக்கிட்டு வந்தோம். இங்கன தாண்ட முடியல. பிள்ள தங்கல. இனி யாரையும் கேக்குறதா இல்ல, தம்பி."

ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். அடியில் பாறை. கல் வளைவுக்குக் கம்பி வேண்டாம். பாரம் ஏற ஏறக் கல்லோடு கல் இறுகும். சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புக் காரை போதும். அன்று சாயங்காலமே வீரம்மாள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காகிதத்தில் மூன்று வளைவுகள் வரைந்தேன்.

மதுரை திரும்பி மேலதிகாரியிடம் நீட்டினேன்.

"இந்தக் காலத்தில் கல் பாலமா? அனுமதி கிடையாது" என்றார்.

"அப்படியானால் எனக்கு மூன்று மாதம் லீவு வேண்டும், சார்."

"வேலை போகும்."

"போகட்டும் சார்" என்றேன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

புது வருஷத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: கூடலூரில் இறங்கி ஆற்றுக்கு வழி கேளுங்கள். தண்ணீர் குளிரும், துண்டு கொண்டுவாருங்கள். வீரம்மாள் வீட்டில் எல்லோருக்கும் சோறு உண்டு. கல் தூக்கக் கை வேண்டும். பொங்கல் கழிந்ததும் அஸ்திவாரம் தோண்டுகிறோம். அனுமதி வந்தால் வரட்டும், பாலத்தின் மேலேயே நடந்து வரட்டும்.