குனிந்து நிற்கிற வஸீர்

யாராவது மண் வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் ஹவ்வா உம்மா பேசாமல் தாண்டிப் போகமாட்டாள். கிணற்று வேலையாக இருக்கட்டும், தெருவோரத்தில் மழைத்தண்ணி ஓடுகிற கானாக இருக்கட்டும், தலையிலிருக்கும் கருவாட்டுக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பாள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டி ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நடப்பாள். அதனால் ரயிலைத் தவறவிட்ட நாட்களும் உண்டு. தலைமன்னாரில் இதைப் பல வருஷமாகக் கண்டு பழகிவிட்டார்கள்.

அவளுடைய ஒரே மகன் வஸீர். செர்மன் சண்டைக் காலத்தில் அரபு நாட்டுப் பஸ்றாத் துறைமுகத்தில் தெருப் போட ஆள் எடுத்தபோது போனான். அங்கேயே காய்ச்சலில் மௌத்தானான்.

சண்டை ஓய்ந்த மறுவருஷம், சண்டைக்கென்று போய்த் திரும்பாதவர்களின் நினைவாக மன்னார் ஸ்டேசன் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டுவதென்று அரசாங்கக் கச்சேரியில் தீர்மானித்தார்கள். படம் எழுதும் வேலை வங்காலை எமிலியானுஸிடம் வந்தது. மாதா கோயில் திருநாட்களுக்குக் கொடிகளும் அர்ச்சிஷ்டவர்களின் படங்களும் எழுதுகிறவர் அவர். வங்காலைப் பையன் ஒருவன், பெருநிலத்து வயல் கிராமத்து ஆள் ஒருவன், வஸீர் என்று மூன்று பேர் அதில் வரவேண்டும்.

கருவாடு விற்க வந்த ஹவ்வா உம்மா, எமிலியானுஸின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். விரித்திருந்த கடதாசியில் மூன்று பேரும் கோட்டு உருவமாக நின்றார்கள்.

"இதென்ன தம்பி? என்ட மகன் தலைக்குப் பின்னால சகனைத் தூக்கி வச்சிருக்கிறான்?"

ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டைத்தான் சொன்னாள். எமிலியானுஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சகன் இல்லை உம்மா, ஒளிவட்டம். கை பழகிப்போச்சு. உயிரைக் குடுத்தவையெண்டால் வேதசாட்சிகள் மாதிரித்தானே எண்டு வட்டமும் ஓலையும்..."

"கையில ஓலை எதுக்கு? சண்டைக்குப் போனவனோ, கிடுகு பின்னப் போனவனோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவன்ட முகத்தை மட்டும் எழுதாதீங்க. எங்கட ஆக்கள் உருவம் எழுதிறேல்ல. பேர் இருந்தாப் போதும்."

வேலை எந்த மட்டில் நிற்கிறதென்று பார்க்க வந்திருந்த கச்சேரிக் கிளாக்கர் சரவணமுத்து இதைக் கேட்டார். "ரெண்டு பேருக்கு ஆள் நிக்க, மூண்டாவதுக்கு வெறும் பேரோ? அது சரிவராது உம்மா. ஆள் இல்லாட்டிப் பேரும் இல்லை."

ஹவ்வா உம்மா கடகத்தின் பக்கத்திலேயே குந்திவிட்டாள். மகனின் மையித்தை அவள் காணவில்லை. அவன் கபுரில் ஒரு பிடி மண் போட ஊரவர் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. இந்தச் சுவரிலும் பேர் இல்லையென்றால், அவன் போனதற்கு ஓர் அடையாளமும் இருக்காது.

"முதுகு காட்டி நிக்கிற மாதிரி எழுதட்டோ?" என்று கேட்டார் எமிலியானுஸ்.

"புறமுதுகோ?" கிளாக்கர் திடுக்கிட்டார். "ஓடி வந்தவன் எண்டெல்லோ சனம் சிரிக்கும்!"

ஹவ்வா உம்மா தலையை நிமிர்த்தினாள். "ஐயா, அவன் துவக்குத் தூக்கப் போகேல்ல. மண் வெட்டப் போனவன். மண் வெட்டுறவன் குனிஞ்சுதானே நிப்பான்? குனிஞ்சு நிக்கிறவன்ட முகம் ஆருக்குத் தெரியும்?"

கிளாக்கர் கடதாசியில் வஸீரைச் சுட்டிக் காட்டினார். "மண்வெட்டி வடிவாத் தெரியவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எமிலியானுஸ் ஒளிவட்டங்களை அழித்தார், ஓலைகளையும் எடுத்தார். மற்ற இருவரும் தோளில் துவக்கோடு நிமிர்ந்து நின்றார்கள். இடம் போதாததால் வஸீரை அவர்களின் காலடியில் எழுதினார். தொப்பியும் முதுகும் மண்வெட்டியும்தான் தெரிந்தன. கீழே அவன் பேர்.

அதை ஒட்டிய பிறகுதான் ஊர்க் கண்ணுக்கு வேறொன்று பட்டது. ஸ்டேசனில் கூடிய சனத்துக்கு முன்னால், கருவாட்டு வியாபாரி மீராசாஹிபு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்ன ஹவ்வா லாத்தா, உங்கட மகன் மற்ற ரெண்டு பேருக்கும் கபுரெல்லோ வெட்டுறான்!"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் படத்தைப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. எழுதும்போது எமிலியானுஸும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

"வெட்டட்டும்" என்றாள். "பஸ்றாவில அவனுக்கும் ஆரோ ஒருத்தன் வெட்டியிருப்பான்தானே. அந்த வெயிலுக்க, வெட்டினவனுக்கு ஆர் தண்ணி குடுத்தாங்களோ?"

ரயில் வந்தபோது மீராசாஹிபு அவளுடைய கடகத்தைத் தானே தூக்கி ஏற்றிவிட்டார். அடுத்த கிழமை கீரி ஊர்ப் பக்கம் கான் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் அவள் முதல் தடவையாகக் கடகத்தை இறக்கி, தண்ணீர் குடித்தானா என்று கேட்டாள்.

போன மாரியோடு படத்தின் மேல்பாதி நனைந்து உரிந்து போய்விட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, மிச்சத்தை எமிலியானுஸ் பதமாகக் கிளப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அது இப்போது ஹவ்வா உம்மா வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முகம் இல்லாததால் பள்ளிவாசல் லெவ்வையும் ஒன்றும் சொல்லவில்லை. வஸீரின் கபுர் பஸ்றாவில் எந்த இடத்தில் இருக்கிறதென்று இன்றைக்கும் தெரியாது.