சுவரேறிக் குதித்ததற்கான நியாயங்கள்

நன்றாகப் பேசுவேன் என்று என்னை நானே நம்பியதில் ஒருவனுடைய வேலைக்கு உலை வைத்தேன். கும்மிடிப்பூண்டியில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிற தொழிற்சாலையில், உள்விசாரணைக்கு வரும் தொழிலாளி தனக்காகப் பேச ஒரு சக ஊழியரை அழைத்துவரலாம். ஆரம்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் மெஷின் ஆபரேட்டர் ஒருவன் என்னை அழைத்தான். புத்தகம் படிக்கிற ஆள் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்காது.

குற்றம் சின்னது: சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினில் ஆள் இல்லை. உண்மை கொஞ்சம் பெரியது. அவன் மஞ்சள்காமாலையிலிருந்து பிழைத்ததற்காக, மனைவி பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக வேண்டுதல். அன்றைக்கு அவனும் கூடப் போக வேண்டும்; லீவு தரவில்லை. பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போயிருக்கிறான். இதை முழுசாக என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி அவனிடம் கேட்டார்: "உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா? எங்கனா படுத்துக்கினு இருந்தியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "சார், தப்பைப் பாக்காதீங்க, சூழ்நிலையைப் பாருங்க. முறையா லீவு கேட்டான், குடுக்கல. வேற வழியில்லாமத்தான் சுவரேறிக் குதிச்சான்."

"எந்தச் சுவரு?"

அதுவரை அந்த அறையில் சுவர் என்ற பேச்சே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்வாங்க இடமில்லை. சுவரைச் சிறியதாக்கப் பார்த்தேன். ஆபத்தாக ஒன்றும் செய்யவில்லை, காலி டிரம்மைக் கவிழ்த்துப்போட்டுப் பத்திரமாகத்தான் ஏறினான் என்றேன்.

"கம்பெனி டிரம்மா?"

"அதையும் அப்படியே போட்டுட்டுப் போகல சார். எடுத்து வைக்கச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

"வாட்ச்மேனுமா?"

மேசைக்கடியில் அவன் என் காலை மிதித்தான். உற்சாகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே நிறுத்தினால் இதுவரை சொன்னது அப்படியே நின்றுவிடுமே என்ற பயத்தில், அதைச் சரிக்கட்ட இன்னொன்றைச் சொன்னேன். அதற்கும் ஒரு கேள்வி வந்தது. கடைசியில் அதிகாரியே கையமர்த்தி என்னை உட்காரவைத்தார்.

எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டியது சஸ்பென்ஷனில் முடிந்தது. வாட்ச்மேனுக்குத் தனி விசாரணை.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு டீயை என் பக்கம் நகர்த்தினான்.

"வுடுண்ணே. அந்தாளு என்னை வுட்டுடத்தான் பாத்தாரு, நீதான் வுடல. நாளைக்கு வாட்ச்மேனும் உன்னைக் கூப்பிட்டா, ஊர்ல இல்லன்னு சொல்லிடு."