அத்தை அலசிய ஓக் வேர்கள்

பித்தளை அண்டா நிறைய ஓடைத் தண்ணீர். அதற்குள் முழங்கை வரை கையை விட்டு, ஓக் மரக் கன்றுகளின் வேரை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருக்கிறார் என் மாமியார். அலசிய வேரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்தவர் மாதிரி ஒரு திருப்தியோடு பார்க்கிறார். அந்தக் காட்சி நினைவுக்கு வந்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். ஆனால் அந்த அலசலில்தான் எங்கள் பிழைப்பே ஆட்டம் கண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. கோயமுத்தூரில் மில் மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். ஆனைமலைக்கு மேலே நிலம் வாங்கிய ஒரு மில் முதலாளிக்கு, குன்னூரில் வெள்ளைக்காரர்கள் வைத்திருப்பது போல அங்கே ஓர் ஓக் தோப்பு வேண்டும் என்று ஆசை. விவசாயம் படித்துவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரரை அதற்கு அமர்த்தினார். தைக்குள் கன்றுகள் துளிர்க்க வேண்டும். இல்லையென்றால் தோப்பும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்பது அவர் பேச்சு. எங்களுக்குச் சத்தியமங்கலத்துப் பக்கம் வயல் உண்டு. மாமனார் இல்லை. ஒரே மகன் படித்துவிட்டு மலையேறியது அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. "செடி வராட்டி மூட்டையக் கட்டிட்டு ஊட்டுக்கு வந்துரோணும் சாமி" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டார். விட்டாரே தவிர, நடவுக்குத் தானும் ஏறி வந்துவிட்டார். வேலை என்று வந்தால் அத்தைக்கு அரைகுறை என்பதே கிடையாது.

குன்னூரிலிருந்து கூடை கூடையாகக் கன்றுகள் வந்தன, தாய் மரத்தடி மண்ணோடு. வேரில் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. அத்தை முகத்தைச் சுளித்தார். எங்கள் பக்கம் நெல் நாற்றைப் பறித்தால் வேரைச் சேறு போக அலசிக் கட்டுக் கட்டித்தான் நடுவார்கள். மஞ்சள் கிழங்கில் இப்படி வெள்ளை படர்ந்தால் அது அழுகல், தூக்கி எறிய வேண்டியதுதான். "பூசணம் புடிச்சதையா நடுவாங்க? கொண்டா அந்த அண்டாவ" என்று உட்கார்ந்துவிட்டார். படித்த பிள்ளையும் தலையாட்டினார். பூசணம் என்றாலே பயிர் நோய் என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நூலைத் தேய்த்து எடுத்து, நுனி வேரைக் கிள்ளி, பளிச்சென்று நட்டோம். கடைசிக் கூடைக்கு வரும்போது அடைமழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் அதை அப்படியே சேற்றோடு ஓடைக்கரை வரிசையில் ஊன்றிவிட்டு ஓடிவிட்டார்கள். அழுக்கோடு நட்டுப்போட்டார்களே என்று அத்தை சோறு சாப்பிடும்போதுகூடப் பொருமினார்.

ஐப்பசிக்குள் கன்றுகள் மஞ்சளித்துவிட்டன. என் வீட்டுக்காரர் எரு வைத்தார், பந்தல் போட்டு நிழல் கட்டினார், ஒன்றும் ஆகவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் ஓடைப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார் பாருங்கள், பாம்பு கடித்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். அந்த அழுக்கு வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று துளிர்த்து நின்றது. அதில் ஒன்றையும் வாடியதில் ஒன்றையும் பிடுங்கி, பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தார். வாடியதில் வெறும் வேர். துளிர்த்ததில் நுனிக்கு நுனி வெள்ளை உறை, அதிலிருந்து மண்ணுக்குள் ஓடும் நூல். நாங்கள் நோய் என்று தேய்த்து எறிந்தது இங்கே சுகமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு கன்றையும் ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு அன்றைக்கே தன் வாத்தியாரிடம் காட்டக் கோயமுத்தூருக்கு ஓடினார்.

மறுநாள் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அது நோய் இல்ல அம்மணி. வேரு எட்டாத எடத்துலிருந்து தண்ணியும் சத்தும் பூசணம் கொண்டாந்து குடுக்குதாம். மரம் எலையில செஞ்ச சக்கரைய அதுக்குத் திருப்பிக் குடுக்குதாம். ரண்டும் பங்காளிங்க" என்றார். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். எங்களுக்கு அன்று காலுக்கடியில் ஓர் ஊரே இருப்பது தெரிந்த மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். "பங்காளின்னா வரப்ப வெட்டுவான். குடுத்து வாங்கிக்கறவன் மாமன் மச்சான்" என்று திருத்தினார். பிறகு, "அப்ப நான் தேச்சு எடுத்தது?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியலைங்களேம்மா, உடுங்க" என்றார் மகன். குன்னூர் ஓக் மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து கன்றின் காலடியில் வைத்தால் பிழைக்க வழியுண்டு என்று வாத்தியார் சொன்னதையும் சொன்னார். அத்தை அடுப்படிக்குத் திரும்பிப் போனார். எனக்கு உள்ளூரப் பயம். கன்றுகள் செத்தால் வாக்குப்படி அத்தைக்கு மகன் கிடைப்பார். அவர் எதையும் கெடுக்கவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

விடிந்ததும் பார்த்தால், அத்தை முதலாளியின் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தார். "நீ இருக்கறதப் பாத்துக்க சாமி. மண்ணு நான் கொண்டாறேன்." குன்னூரிலிருந்து திரும்பியபோது லாரியின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இருந்தார். மண் காய்ந்துவிடக் கூடாது என்று தன் கம்பளியை நனைத்து மூட்டைமேல் போர்த்திவிட்டு, அவர் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார். ஆட்களை நம்பவில்லை. ஒவ்வொரு கன்றாகக் குந்தி, வேரோரம் குழி பறித்து, மண்ணைத் தானே வைத்து மூடினார். நாங்கள் ஓடைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னால் போனோம்.

மார்கழிப் பனியில் முதல் துளிரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வரிசை வரிசையாக ஓடினார், நானும் வெட்கத்தை விட்டு ஓடினேன். தையில் வந்த முதலாளி தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை நிரந்தரம் என்றார்.

அடுத்த நாளே அத்தை ஊருக்குக் கிளம்பினார், தனியாக. பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"செடி வராம இருந்தா உங்க பையன் உங்களோடயே வந்திருப்பாருங்களே அத்தை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோத்துப்போனவனக் கூட்டிட்டுப் போயி நான் என்ன கண்ணு பண்ணுவேன்? தெனமும் அவன் மூஞ்சிய நாந்தான பாக்கோணும்?" என்றார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நோம்பி பண்டிகைக்கு மட்டும் ரண்டு பேரும் வந்துபோட்டுப் போங்க. பெரிய ஊடு கண்ணு, ஒருத்தி எவ்வளவுன்னு கூட்டறது."