‘இல்லை’ வராத நாக்கு

1. சுபாசினியின் பென்சில் பெட்டி வகுப்பில் காணாமற் போனது.
2. பக்கத்தில் இருந்த என்னிடம், "நீயா எடுத்த?" என்று டீச்சர் கேட்டார்.
3. நான் "ஓம்" என்றேன்.
4. நான் அதை எடுக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் கிடந்த அழிறப்பரின் ஸ்ட்ரோபெரி வாசம் இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஆறு வயது. நாக்கின் அடியில் ஒரு தோல் நுனிவரை ஒட்டிக்கொண்டு, நாக்கை மேலே எழும்ப விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது; எல்லோருடைய நாக்கும் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

நாக்கு நுனி மேலே தொட்டால்தான் ‘ல’வும் ‘ர’வும் வரும். என் "இல்லை", "இய்யை" என்றுதான் வெளியே வந்தது. "எங்க, றால் எண்டு சொல்லுகா பாப்பம்!" என்று பிள்ளைகள் இறாலைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், நான் "யாய்" என்றதும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வகுப்பில் என் பெயர் "கொன்னச்சி". ஆகவே உதட்டாலேயே சமாளிக்கக்கூடிய சொற்களைத் தேடி வைத்துக்கொண்டேன்: அம்மா, மாமி, பூ, போ, வா. எங்கள் ஊர்க் களப்புக்குப் போகும்போது ஊரே "ஆத்துக்குப் போறன்" என்று சொல்லும், நான் மட்டும் "வாவி" என்பேன். "பாருங்க, புள்ள புத்தகத் தமிழ் கதைக்குது" என்று மாமி பெருமைப்படுவார். எல்லாவற்றிலும் சுகமான சொல் "ஓம்". இன்னும் சோறு போடவா, ஓம். பாவற்காய் பிடிக்குமா, ஓம். எதையும் மறுக்காத நல்ல பிள்ளை என்று எனக்குப் பெயர்.

டீச்சர் கேட்டபோது முதலில் இல்லையென்று தலையைத்தான் ஆட்டினேன். "மாடு மாதிரித் தலையாட்டாத, வாயத் திறந்து சொல்லுகா" என்றார். சிரிப்பதற்காக வகுப்பு முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீடு திரும்பும்போது பாலத்தில் நின்று அம்மா கேட்டார்.

"எடுத்தியா மகள்?"

"இய்யை."

"அப்ப ஏன் ஓம் எண்ட?"

"சியிப்பாங்க."

அம்மா சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் மிஸ்ஸிடம் என்னைக் கூட்டிப்போனார். "நாக்க நீட்டுங்க பாப்பம்" என்றார் அவர். நீட்டினேன், அது கீழுதட்டைத் தாண்டவில்லை, நுனி நடுவில் குழிந்து இரண்டாகப் பிளந்ததுபோல் நின்றது. "புள்ளைக்குக் கதைக்கத் தெரியாம இல்ல, அம்மா. நாக்குத்தான் கட்டுப்பட்டிருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் மயக்கி, அந்தத் தோலை வெட்டிவிட்டார்கள். வெட்டியவுடன் பேச்சு வந்துவிடவில்லை. பழகிய நாக்கு பழைய இடத்திலேயே படுத்துக் கிடந்தது. மேலுதட்டில் இனிப்பான பாணி தடவி நக்கச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி தந்த மிஸ் கண்ணாடி முன்னால் இருத்தி, "ல, லா, லி" என்று சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் பயின்றது வேறு. ஒரே ஒரு வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் டீச்சரின் மேசைக்குப் போய் அதைச் சொன்னேன்: "டீச்சர், நான் அத எடுக்கல்ல." ஓர் எழுத்தும் சறுக்கவில்லை.

"எத, மகள்?"

"சுபாசினிட பென்சில் பெட்டிய."

டீச்சர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. பின்னால் இருந்த சுபாசினி எழுதிக்கொண்டே சொன்னாள்: "அது அண்டைக்கே எங்கட வீட்டில கிடந்திச்சு டீச்சர்."

"ஓ, அப்படியா?" என்றார் டீச்சர். "போய் இரு மகள்."

போய் இருந்தேன். அத்தனை மாதங்களாக இதை என்னிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது நாக்கின் அடியில் அந்தத் தோல் கிடையாது. மெல்லிய வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கிறது. கட்டட வேலைத்தளங்களில் கொங்கிரீட் சோதிப்பது என் தொழில். கலவை சரியில்லை என்றால் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொல்கிறேன். ‘ழ’ மட்டும் இன்றுவரை வரவில்லை. எங்கள் பக்கத்தில் அநேகமாக யாருக்கும் அது வராததால், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.