வலப்பக்கத்துப் பாக்கெட்

தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். கழுத்தில் அளவு டேப்பு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில் மட்டும்தான் டேப்பு இல்லை; அதிலும் ஒரு கை கழுத்துப் பக்கம் போய் எதையோ தேடிக்கொண்டிருக்கிறது. அவள் தைப்பது பெரும்பாலும் பள்ளிச் சீருடை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்த காலரை மாட்டிக்கொண்டுதான் வகுப்பில் தூங்கினார்கள். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துப் படியே மிதித்ததில்லை. ஏன் என்று கேட்டால், "மிட்டாய்க் கடைக்காரர் வீட்ல யாரு மிட்டாய் திங்கிறாங்க?" என்பாள்.

பதில் அவளுடையது. யோசனை நாத்தனாருடையது. நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, இரண்டு பட்டம் வாங்கியவள். பள்ளிக்கூடம் என்பது பிள்ளைகளை வயதுவாரியாக அடுக்கி வைக்கிற அலமாரி என்று ஒரு சாயங்காலம் டீயை ஆறவிட்டுச் சொன்னாள். டேப்பக்காவுக்கு அலமாரிகள் மேல் தனிப்பட்ட கோபம் ஏதும் இல்லை. ஆனால் நாத்தனார் பேசி முடித்தபோது, இதைத் தான் ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்த மாதிரி அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படி ஒரு வாய். நாத்தனாருடைய ஒரே மகளையும் சேர்த்து மூன்று பிள்ளைகளோடு படிப்பு தொடங்கியது.

முதல் வருஷம் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டே அதை அப்படியே வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவரில் கால அட்டவணை. பாடவேளைக்கு ஒருமுறை தட்டைத் தட்டி மணி. வெயில் காலத்தில் முற்பகலிலேயே கரண்ட் போய், இலக்கணம் சொன்னவளும் கேட்டவர்களும் ஒரே பாயில் விழுந்து தூங்கினார்கள். மழை வந்ததும் டேப்பக்காவின் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் ஊறி, வரைபடப் புத்தகத்தில் எது கடல் எது நிலம் என்று தெரியாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.

வருஷம் இரண்டாகப் பிரிந்தது. வெயில் பாதி டேப்பக்கா வீட்டில். அங்கே பின்னால் ஒரு மரமும், அதன் அடியில் ஒரு சிமெண்ட் தொட்டியும் உண்டு. விடிந்ததுமே பாடம். மரத்தின் நிழல் எங்கே தொடங்கி எங்கே போகிறது, தொட்டித் தண்ணீர் ஒரு நாளில் எத்தனை விரல் இறங்குகிறது, வெட்டி மிஞ்சிய துணியில் அரை எது, கால் எது, அரைக்கால் எது. வெயில் ஏறியதும் கதவைச் சாத்தித் தரையில் தண்ணீர் தெளித்து, மூன்றும் குப்புறப் படுத்துக்கொண்டு முறை வைத்து உரக்கக் கதை வாசிக்கும். மிஷின் ஓடுகிற வரை கதையும் ஓடும். நூல் அறுந்தால் கதாநாயகன் நட்டாற்றில் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு காற்றடிக்கிற சில வாரங்கள் விடுமுறை, அந்தக் காற்றில் எந்தக் காகிதமும் மேசையில் நிற்காது என்பதால். மழை பாதி, நாத்தனாரின் மூன்றாம் மாடி வீட்டில். அங்கே ஈரம் ஏறாது. அல்ஜீப்ரா, இலக்கணம், சரித்திரம், கட்டுரை எல்லாம் அங்கேதான்.

"கையால படிக்கிறது வெயிலுக்கு, மூளையால படிக்கிறது மழைக்கு. சரிதானே அண்ணி?" என்று நாத்தனார் பங்கு பிரித்தபோது டேப்பக்கா தலையாட்டினாள். அந்தப் பிரிவினையில் தனக்கு விழுந்த பங்கு எது என்பது அவளுக்கு உறைக்கச் சில வருஷம் பிடித்தது.

இன்னொன்றும் மெதுவாகத்தான் உறைத்தது. சீருடைத் தையலுக்கு உயிரான சீசனே வெயில் காலம்தான். தலைக்கு மேல் துணிக்கட்டு குவிந்திருக்கும்போது காலடியில் மூன்று பிள்ளைகள். மழையில் துணியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வெறும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு இதுதான் வசதி என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

இந்த வருஷம் மழை பாதிக்குக் கனம் கூடியிருந்தது. மூத்த மகள் மழை முடிந்த கையோடு தனித்தேர்வு எழுத வேண்டும். அவளுக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. அல்ஜீப்ரா மட்டும் வாசல் வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. டேப்பக்காவுக்கு அந்தப் பக்கமே பழக்கமில்லை. "மழை வந்ததும் மாடிக்கு வரட்டும் அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வீடு வெயிலைக் கடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கட்டு வந்தது. ஒரு கடையின் கட்டிங் மாஸ்டர் வெட்டி, தைப்பதற்கு அவளிடம் கொடுத்தனுப்பிய சட்டைகள், ஒரே அளவில் மூன்று. முதல் துண்டை விரித்ததும் மாஸ்டருக்கு வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். பாக்கெட்டுக்கான சாக்பீஸ் அடையாளம் வலது மார்பில் இருந்தது. ஒரு தோளும் இன்னொன்றைவிட ஒரு நூல் இறக்கமாக வெட்டியிருந்தது. போன் போட்டாள்.

"தப்பு இல்லக்கா. அளவெடுக்கும்போது அந்தப் பொண்ணே சொல்லுச்சு. எங்க அத்தை எப்பவும் இந்தப் பக்கம்தான் வைப்பாங்கன்னு. கூட வந்த அம்மா வெளிய போன்ல பேசிட்டிருந்தாங்க."

டேப்பக்கா போனை வைத்துவிட்டு அந்த இறக்கமான தோளை விரலால் நீவிப் பார்த்தாள். உலகத்தில் இடக்கைப் பிள்ளைகள் எத்தனையோ உண்டு. இடக்கையால் பென்சிலை எடுக்க வசதியாக வலப்பக்கம் பாக்கெட் வைத்துத் தரும் அத்தை ஒருத்திதான். நாத்தனார் மகளை வீட்டில் 'லெஃப்டு' என்றே கூப்பிடுவார்கள். அவள் அந்த நேரம் பின்னால் தொட்டியில் விரல் விட்டுத் தண்ணீரை அளந்துகொண்டிருந்தாள்.

நாத்தனார் கவனமாகத்தான் நடந்துகொண்டாள். அண்ணி தைக்கிற கடைக்குப் போகாமல் ஊரின் மறுகோடிக் கடைக்குப் போயிருந்தாள். கடைகள் எத்தனை இருந்தாலும் சீசனில் தைக்கிற கைகள் சிலதான் என்பது இரண்டு பட்டத்திலும் பாடமாக வரவில்லை போலிருக்கிறது.

டேப்பக்கா மூன்று சட்டையையும் தைத்தாள். நன்றாகவே தைத்தாள், கோபத்தில் தையல் நேராக வரும் ராசி அவளுக்கு. தைத்து அனுப்பிவிட்டு, நாத்தனார் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக நாத்தனார் வரும்போதெல்லாம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் கொடுத்து, "அப்புறம், வேற என்ன விசேஷம்?" என்று வழி திறந்துவிட்டாள்.

"என்ன இருக்கு அண்ணி. அதே வெயில்தான்" என்றாள் நாத்தனார், ஒவ்வொரு நாளும்.

லெஃப்டுவிடம் கேட்டிருக்கலாம். பிள்ளையின் வாயைக் கிண்டுவது கேவலம் என்று விட்டுவிட்டாள். கணவரிடமும் கேட்கவில்லை. தனக்குத்தானே ஒரு சமாதானம் மட்டும் தைத்துக்கொண்டாள். அவள் மகளை அவள் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கட்டும். அதற்காக நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றா சொல்லிவிட்டாள்? பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கப் போகிறாள். சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

காற்று வாரங்கள் போயின. அந்த வாரங்களில் நாத்தனார் வரவுமில்லை, போன் எடுக்கவுமில்லை. மழை ஒரு காலையில் வழக்கம்போலச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே குடையில் கிளம்பினார்கள். டேப்பக்கா நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். தான் கேட்க வாய் வராத கேள்வியை இரண்டு பிள்ளைகளின் முதுகில் கட்டி அனுப்பினாள்.

நனைந்து திரும்பி வந்தார்கள்.

"பூட்டியிருக்கு" என்றாள் மூத்தவள்.

சின்னவனுக்குச் செய்தி தாங்கவில்லை. "எதிர்வீட்டு ஆன்ட்டி சொன்னாங்கம்மா. லெஃப்டு ஸ்கூல்ல சேந்துட்டாளாம். அத்தையும் அங்கதானாம். அத்தை டீச்சராம்மா. கணக்கு டீச்சர்."

மகளைச் சேர்த்தது தெரியும். கணக்கு டீச்சர் என்பது புதிது. அலமாரியைத் திட்டியவள் அதன் ஒரு தட்டில் போய் உட்கார்ந்தது கூடப் பெரிதில்லை. யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஒரு வகுப்பு நிறைய அல்ஜீப்ரா நடந்துகொண்டிருக்கிறது, இங்கே ஒருத்தி ஈரப் பையோடு நிற்கிறாள். டேப்பக்கா துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்டினாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

பணிமனையில் பஸ் டயர் மாற்றுகிற கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவது போல முகத்தை வைத்துப் பார்த்தார், அது நிற்கவில்லை.

"தெரியும்" என்றார். "உன் சீசன் முடியட்டும்னுதான்…"

எல்லோரும் அவள் சீசனுக்கு அத்தனை மரியாதை கொடுத்தார்கள். பருவம் பார்த்துப் படிப்பை மாற்றிய குடும்பம், பருவம் பார்த்துத்தான் காலையும் வாரியது. அன்று ராத்திரி அவர் தட்டில் சோறு விழுந்தது, பேச்சு விழவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். தரையில் தண்ணீர் ஊறி, மிஷின் செங்கல் மேல் ஏறியிருந்தது. பிள்ளைகள் கட்டிங் மேசை மேல் சம்மணம் போட்டிருந்தார்கள். மூத்தவள் அதே பக்கத்தை மூன்றாவது நாளாக விரித்து வைத்திருந்தாள். நனைந்த குடையோடு வாசலில் நாத்தனார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"வாங்க" என்றாள் டேப்பக்கா. "உட்காருங்க."

நாத்தனார் அந்த 'ங்க'வில் தடுக்கி நின்றாள். இத்தனை வருஷமும் வா, போ, அடியே என்றுதான். "என்ன அண்ணி, வாங்கங்கிறீங்க."

"கடைக்கு வர்றவங்கள அப்படித்தான சொல்றது."

நாத்தனார் உட்காரவில்லை. பையிலிருந்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பள்ளியில் பாக்கெட் இடப்பக்கம்தான் இருக்க வேண்டுமாம். முத்திரை நெஞ்சுக்கு நேரே வர வேண்டுமாம். இரண்டு நாளாக லெஃப்டுவை வரிசையிலிருந்து தள்ளி நிறுத்துகிறார்களாம். கடையில் கொடுத்தால் நாளாகுமாம். பிறகு, கேட்காமலே, மீதியும் வந்தது. தன் கணவருக்கு வேலை முன்னே மாதிரி இல்லை. அங்கே டீச்சராகச் சேர்ந்தால் மகளுக்குப் பாதி ஃபீஸ். "சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணி. சீசன் நேரத்துல சொன்னா உங்களுக்குக் கை ஓடாதேன்னு…"

"கை நல்லாத்தான் ஓடுச்சு. இந்த மூணு சட்டையும் நான் தைச்சதுதான்."

நாத்தனார் சட்டையைத் திருப்பிக் காலர் உள்பக்கத் தையலைப் பார்த்தாள். அந்தத் தையலை அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டுத் தலையணை உறை வரைக்கும் அதே கைதான். "அப்ப… வெயில் முழுக்க உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் டீ குடுத்தேனே."

பெரிய வாய்க்காரி வாய் அடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று டேப்பக்கா எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள். பார்த்தாகிவிட்டது. எதிர்பார்த்த ருசி அதில் இல்லை. ஒரு சட்டையை வாங்கி மிஷின் முன் உட்கார்ந்தாள்.

அப்போது மேசையிலிருந்து மூத்தவள் இறங்கினாள். தண்ணீரில் கால் வைத்து வந்து புத்தகத்தை நீட்டினாள். "அத்தை, இந்த எக்ஸ் எதுக்கு அந்தப் பக்கம் போனதும் மைனஸாகுது?"

கோபம், மானம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. தேர்வுக்குப் போகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலை நிமிரவில்லை. நாத்தனார் புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்து, சாக்பீஸை எடுத்து மேசைப் பலகையிலேயே எழுதத் தொடங்கினாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அதுதான் டேப்பக்காவுக்குத் தாங்கவில்லை. மோசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் போனால் போகிறது என்று விட்டிருக்கலாம்.

"ஓ" என்றாள் மகள். இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வராத ஒரு ஓ.

பாக்கெட்டைப் பிரிக்க அரை பிளேடு போதும். இரண்டு இழுப்பில் வேலை முடியும். பிளேடு ஜன்னல் விளிம்பில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. டேப்பக்கா ஊசியை எடுத்தாள். ஒவ்வொரு தையலாக நெம்பி, நூலை இழுத்து, மடியில் போட்டு, அடுத்த தையலுக்குப் போனாள். பின்னால் அல்ஜீப்ரா ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குப் போக, அவளும் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போனாள். நடுவில் ஒருமுறை நூல் தானாக வந்துவிடும் போலிருந்தது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நாத்தனார் இறங்கி வந்து சட்டையை வாங்கிப் பார்த்தாள். பாக்கெட் இடப்பக்கம் ஒட்டியிருந்தது. பழைய இடத்தில் ஊசித் துளைகள் சதுரமாக நின்றன.

"இந்தத் தடம் போயிடுமா அண்ணி?"

"துவைக்கத் துவைக்கப் போயிடும்" என்றாள் டேப்பக்கா. எல்லா வாடிக்கையாளருக்கும் அவள் சொல்வது அதுதான். போகாது.

"மத்த ரெண்டையும் இப்பவே குடுத்துட்டுப் போகட்டா?"

"வேணாம். ஒரு நாளைக்கு ஒரு சட்டைதான் முடியும். நாளைக்கு ஒண்ணு கொண்டு வாங்க." மிஷினுக்கு உறையைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அப்புறம் பாவாடைக்கு மடிப்பும் சரியில்லன்னு தோணுது. அதையும் ஒவ்வொண்ணா பாக்கலாம். மழைதானே, எனக்கு வேற வேலை இல்ல."