மத்தியதரைத் தோட்டம்

திண்டிவனத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த இரண்டாம் ஆண்டில், விடுதி முன்பிருந்த வெயில் திடலில், நடுவே இருந்த கைப்பந்து ஆடுகளம் போகச் சுவரோரத்தில் என்னென்ன நடலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் காப்பாளர் என்னிடம் ஒப்படைத்தார். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கி வந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

நூலகத்தில் செடிகளைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் மத்தியதரைக் கடலோரத் தோட்டங்களின் படங்கள்: சாம்பல் நிற இலைகள், காற்றில் சாயும் புற்கள், ஊசிபோல் நிமிர்ந்த மரங்கள். அக்கரையிலும் கோடையில் மழையில்லை, குளிர்காலத்தில்தான் பெய்யும் என்று படித்ததும், ஐப்பசி கார்த்திகையை நம்பி வாழும் எங்கள் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்று முடிவு கட்டினேன். அரளியும் மாதுளையும் இரு கரைக்கும் பொது. ஊசி மரத்துக்கு ஈடாகச் சவுக்கு, புல்லுக்கு எலுமிச்சைப்புல். ஆலிவ் மரத்துக்கு மட்டும் ஈடு கிடைக்கவில்லை.

விடுதிக் கூட்டத்தில் என் அறைத்தோழன் ஒருவன்தான் மறுத்தான். முகையூர்ப் பக்கத்து விவசாயியின் மகன். ஒரு புங்கமரம் வைத்தால் நிழலில் உட்காரலாமே என்றான். நிழலைத் தேடுகிறவன் உறக்கத்தைத் தேடுகிறான் என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அவனும் சிரித்தபடி உட்கார்ந்தான். அந்த விடுதியில் என்னை வெல்ல நினைக்காமல் என்னோடு பேசும் ஒரே ஆள் அவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதுச்சேரி சாலையில் இருந்த நர்சரியில் கன்றுகளைத் தேர்ந்து வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை தோட்டக்காரரை அழைத்து, அமைவது மத்தியதரைத் தோட்டம், அதில் இம்மியும் பிசகக் கூடாது என்று மேடைத் தமிழில் விளக்கிவிட்டு விழுப்புரத்துக்கு வீட்டைப் பார்க்கப் போனேன்.

திங்கள் காலை திரும்பியபோது, சுவரோரம் வெறுமையாகக் கிடந்தது. கைப்பந்துக் கம்பங்கள் பிடுங்கப்பட்டு, ஆடுகளத்தின் நட்டநடுவில் அத்தனை கன்றுகளும் நின்றன. விடுதியே கூடியிருந்தது.

தோட்டக்காரர் பதறவில்லை. "நீங்கதானே தம்பி மத்திய தரைன்னு சொன்னீங்க. அதான் நடுத் தரையா பாத்து குழி எடுத்து வச்சேன்."

சிரிப்பு வெடித்தது. என் அறைத்தோழன் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பந்தில் விடுதி அணிக்குத் தலைவன் அவன். அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அவர் தப்பாப் புரிஞ்சிக்கினாருன்னு சொல்லுடா. சாயங்காலத்துக்குள்ள மாத்தி வச்சிடலாம். நானும் குழி வெட்றேன்."

ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ஆனால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சிரிக்கும் கூட்டத்துக்கு முன் பின்வாங்க நான் பழகியிருக்கவில்லை. திடலின் நடுவில்தான் வெயில் முழுமையாக விழும், இடம் நானே தேர்ந்தது என்றேன். காரணங்களை அடுக்கினேன். சிரிப்பு நின்றது. வென்றேன்.

அன்று மாலை அவன் பாயைச் சுருட்டினான். "நீ ஜெயிச்சிக்கினே இரு. நான் அடுத்த ரூமுக்குப் போறேன்."

அந்த அறையின் வாசல்வரை ஒருநாள் போனேன். தவறு என்னுடையது என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. குறிப்பில்லாமல் அரைமணி பேசத் தெரிந்தவன், கதவைத் தட்டாமல் திரும்பினேன். அதன்பின் மாலைகளில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் என் வேலை. எதுவும் பட்டுப்போகவில்லை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், யாரும் நின்று பேசவில்லை.

ஆட்டம் சமையற்கூடத்துப் பின்புறம் மாறியிருந்தது. மறு ஆண்டு ஒரு மாலை, பந்து கூரையைத் தாண்டி மாதுளைச் செடிக்குள் விழுந்தது. எடுக்க வந்தவன் அவன். நான் குனிந்து எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ்ங்க" என்றான்.