கறுப்புத் தலைக்காரி

கனடாவில் விட்பிக்கு வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவில், ஸ்கொட்லாந்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனங்களின் மரவீடு ஒன்று சின்ன மியூசியமாக இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அங்கே தொண்டு வேலைக்குப் போகிறேன். “மில்லிக்கனிலயிருந்து அவ்வளவு தூரம் போய் வெள்ளைக்காரன்ர ராட்டினத்துக்குத் தூசி தட்டுறதுக்கு உனக்கென்ன விசரா?” என்று என் தமக்கை கேட்டாள். விசர்தான். வீட்டிலிருந்து அவளுடைய போனுக்குப் பதில் சொல்வதைவிட நல்ல விசர்.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்பவர் அந்தக் குடியேறிகளின் வம்சத்தில் வந்த ஒரு முதிய பெண்மணி. வருடப்பிறப்பன்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது வருடத்தில் வீட்டுப் படியை முதலில் மிதிப்பவர் கறுப்பு முடியுள்ள ஆணாக இருக்க வேண்டும். கையில் நிலக்கரித் துண்டு கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அந்த வருடம் வீட்டுக்கு அதிர்ஷ்டமாம். இதை எனக்கு விளங்கப்படுத்த அவர் மிகவும் மெனக்கெட்டார். முழுவியளம் பார்க்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இதில் விளங்க என்ன இருக்கிறது? வெளிக்கிடும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். என் கணவர் காலமான பிறகு, அப்படி எதிரே வரக்கூடாத ஆள் நான்தான். மகளின் கலியாணத்தில் ஆலாத்தி எடுக்கும்போது ஹோலின் பின்பக்கம் நின்றேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை, நானாகவே போய் நின்றேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்த வருடப்பிறப்பன்று மகள்தான் என்னைக் காரில் கூட்டிப்போனாள். நல்ல பனி. முதல் கால் வைக்க ஒழுங்குசெய்திருந்த கறுப்பு முடிக்காரரின் கார் வழியில் புதைந்துவிட்டதாகப் போன் வந்தது. வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லாம் நரை, வழுக்கை, இல்லாவிட்டால் செம்பட்டை; மகளின் தலையிலும் அப்போது செம்பட்டைச் சாயம்தான். பெண்மணியும் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

“உன் தலை கறுப்பு. நீ போ,” என்றார் ஆங்கிலத்தில்.

“நான் பெண்.”

“தெரிகிறது.”

“கணவரும் இல்லை. எங்கள் ஆட்களிடத்தில் நான் முதலில் போகக் கூடாது.”

“எனக்கும்தான் இல்லை. மற்ற நாளெல்லாம் இந்தக் கதவை நான்தான் திறக்கிறேன். வீடு விழவில்லை. போ, எல்லோருக்கும் குளிர்கிறது.”

நிலக்கரியை என் கையில் திணித்தார். என் முடியின் கறுப்பு கடையில் வாங்கிய டை என்று நான் சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாய் அதை ஏன் சொல்ல வேண்டும்? ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. வலது காலை எடுத்து வைத்தேன். பின்னால் கைதட்டினார்கள். அடுப்பில் கரியைப் போடும்போது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

திரும்பும் வழியில் மகள் புது வீட்டுக் கதையை எடுத்தாள். அவளும் மருமகனும் விட்பியில் வீடு வாங்கியிருந்தார்கள். தை மாதம் குடிபூரல்.

“அம்மா, பால் பானையோட நீங்கள்தான் முதல் உள்ளுக்குப் போறீங்கள்.”

“உன்ர மாமி என்ன சொல்லுவா?”

“அவவும் குளிருக்குள்ளதானே நிப்பா. கெதியாப் போங்கோ எண்டுதான் சொல்லுவா.”

குடிபூரலன்று மகளின் மாமியார் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பானை பாரமாக இருக்கும் என்று ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டார். படியில் முதல் கால் நான்தான் வைத்தேன்.